இருபதாயிரம் ரூபாய் ரேசர் முகத்துக்கு என்ன தரும்?

கேட்டவர் நாற்பதைத் தொட்டவர். தினமும் சவரம் செய்துகொண்டு ஆபீஸ் போகிறவர். முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய டபுள் எட்ஜ் ரேசரும் (இரண்டு ஓரமும் கூரான பிளேடு மாட்டுவது) டோபாஸ் பிளேடுமாகச் சில வருடங்கள் ஓட்டியிருக்கிறார். கன்னத்தில் பிரச்சினை இல்லை. கழுத்தில்தான் எரிச்சல்; மறுநாள் சிவப்புப் புள்ளிகள்; சில இடங்களில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு பரு மாதிரி கிளம்புகிறது. ‘இருபதாயிரம் வரை போட்டு நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரேசர் ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அவ்வளவு விலைக்கு முகத்தில் வித்தியாசம் தெரியுமா? தெரியும் என்றால் எதனால்?’ இதுதான் கேள்வி.

தெரியும். ஆனால் பணம் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு வாங்கினால்தான் தெரியும். முடியை அறுப்பது பிளேடு. ரேசரின் வேலை பிளேடைப் பிடித்துக்கொள்வது. விலை ஏற ஏற அந்தப் பிடி இறுகுகிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்கிறது, பல வருடம் போனாலும் மாறாமல் இருக்கிறது. கூர்மை இதனால் ஒரு துளியும் அதிகமாகாது. இருபதாயிரம் ரூபாய் ரேசரில் மாட்டுவதும் அதே சில ரூபாய் பிளேடுதான்.

நான் எந்திரப் பட்டறையில் வருடக்கணக்காக வேலை பார்த்தவன். மைக்ரான் கணக்கில் அளப்பது அன்றாட வேலை. அந்தக் கண்ணோடுதான் ரேசர்களையும் பார்க்கிறேன். பிளேடின் கதையிலிருந்து தொடங்கினால் மீதி எல்லாம் எளிதாக விளங்கும்.

ஜில்லெட் கம்பெனியைத் தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட், தூக்கி எறியக்கூடிய பிளேடு என்ற யோசனையோடு பல வருடம் அலைந்தார். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கெடாமல் பதப்படுத்தித் தீட்ட முடியாது என்றுதான் எஃகு தெரிந்தவர்கள் சொன்னார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் வந்து அதற்கான எந்திரங்களைச் செய்து கொடுத்த பிறகுதான் 1903-இல் விற்பனை தொடங்கியது. அந்த வருடம் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடம் ரேசர் மட்டும் தொண்ணூறாயிரம். 1904 நவம்பரில் கிடைத்த காப்புரிமையில் ஜில்லெட் எதைத் தன் கண்டுபிடிப்பாகக் கோரினார் என்பதைக் கவனிக்க வேண்டும். தானாக விறைத்து நிற்க முடியாத அளவுக்கு மெல்லிய, வளையக்கூடிய பிளேடு; அதன் முனைக்கு வெளியிலிருந்து பிடிமானம் கொடுத்து விறைப்பாக்கும் பிடிப்பான். நூற்றிருபது வருடம் கழித்தும் இந்த வகை ரேசரின் அடிப்படை அதுவேதான்.

டபுள் எட்ஜ் பிளேடு 0.1 மில்லிமீட்டர் தடிமன். தாடி முடி ஒன்றின் தடிமனும் கிட்டத்தட்ட அதே அளவு. இவ்வளவு மெல்லிய தகட்டைக் கையில் பிடித்து லேசாக அழுத்தினாலே வளைந்துவிடும். ரேசரின் மேல்மூடி அதை வில்லாக வளைத்து அடித்தட்டின் மேல் அமுக்குகிறது. அந்த வளைவுதான் முனைக்கு விறைப்பு. மேல்மூடி முனைக்கு எவ்வளவு நெருக்கமாக வந்து அமுக்குகிறதோ அவ்வளவுக்கு முனை அசையாது. தள்ளி அமுக்கினால், கெட்டியான முடி எதிர்ப்படும்போது முனை கண்ணுக்குத் தெரியாத அளவில் துள்ளும். ஒரு முடியை அறுக்கும், அடுத்ததை இழுக்கும், அதற்கடுத்து தோலைச் சுரண்டும். தாடை ஓரத்திலும் மோவாயிலும் ‘கர கர’ என்று கையில் அதிர்வு தெரிந்தால் அது இதுதான்.

இனி மலிவு ரேசர் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கலாம். பெரும்பாலானவை துத்தநாகக் கலப்பு உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்து, மேலே குரோமியம் முலாம் பூசியவை. ஜமாக் என்பார்கள். துத்தநாகத்தில் ஏறக்குறைய நான்கு சதவீதம் அலுமினியமும் சிறிது செம்பும் மக்னீசியமும் சேர்ந்தது. நானூறு டிகிரிக்குள்ளேயே உருகிவிடுவதால் வார்ப்பது சுலபம், அச்சும் நீண்ட நாள் உழைக்கும், விலையும் இறங்கும். ஜமாக் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்படும் மெர்க்கூர் 34சி, சாக்சனி மலைப்பகுதியில் இருக்கும் மூலே கம்பெனியின் ஆர்89 இரண்டு ரேசரின் தலையும், அதாவது பிளேடைப் பிடிக்கும் பகுதியும், ஜமாக்தான். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் தினமும் அவற்றில் சவரம் செய்கிறார்கள். நன்றாக வார்த்து, நன்றாகப் பிசிறு எடுத்து, நன்றாக முலாம் பூசினால் ஜமாக் போதும்.

இந்த மூன்றையும் செலவு பார்த்துச் செய்யும்போதுதான் கோளாறு. அச்சு தேய்ந்த பிறகும் அதிலேயே வார்ப்பார்கள். முலாம் ஓரிடத்தில் தடியாகவும் ஓரிடத்தில் மெல்லிசாகவும் ஏறும். பிளேடின் துளைக்குள் போகும் முளைகள் ஒல்லியாக இருந்தால் பிளேடு உள்ளே ஆடும், கோணலாக உட்காரும். ஒரு பக்கம் முனை அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும், மறுபக்கம் உள்ளே போயிருக்கும். ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து இப்படிச் சில மலிவு ரேசர்களை அளந்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது ஒரு முழு முடியின் தடிமன். ஒரே ரேசரில் இரண்டு வேறு ரேசர்கள் இருப்பதாக அர்த்தம். கை ஒரு பக்கத்துக்குப் பழகும், திருப்பியவுடன் மறுபக்கம் கழுத்தைக் கடிக்கும்.

உங்கள் ரேசரில் இது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம், கருவி எதுவும் வேண்டாம். பிளேடை மாட்டி முழுக்க இறுக்குங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ரேசரின் தலையைக் கண்மட்டத்தில் பிடித்து, மேல்மூடிக்கு வெளியே எட்டிப் பார்க்கும் பிளேடின் வெள்ளிக் கீற்றைக் கவனியுங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே அகலமாக இருக்கிறதா? திருப்பிப் பார்த்தால் மறுபக்கமும் அதே அகலமா? கீற்று ஒரு கோடியில் அகன்று மறுகோடியில் காணாமல் போனால் பிளேடு கோணல். மரையைத் தளர்த்தி, ரேசரைத் தலைகீழாகப் பிடித்து, பிளேடின் இரண்டு குறுகிய ஓரங்களையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சமமாக அழுத்திக்கொண்டே கைப்பிடியை மறுபடி இறுக்குங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். எத்தனை தடவை செய்தாலும் கோணலாகவே உட்கார்ந்தால் ரேசரை மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு பலவீனம் மரை. ஜமாக் தலையோடு சேர்த்தே வார்த்த மரைக்கம்பு கெட்டியானது போலத் தெரியும், ஆனால் நொறுங்கும் குணம் உள்ளது. வழுக்கி பாத்ரூம் தரையில் தலைகுப்புற விழுந்தால் அந்தக் கம்பு அப்படியே ஒடியும். முலாம் கீறிய இடத்தில் தண்ணீர் புகுந்தால் உள்ளே துத்தநாகம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். அதன்மேல் மறுபடி முலாம் ஏற்றுவதெல்லாம் வீண்வேலை. சில வருடம் ஓடும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வாங்க வேண்டிய பொருள் அது.

விலை உயர்ந்த ரேசரில் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சிலவற்றில் பித்தளை, டைட்டானியம், அலுமினியமும் உண்டு. முழுக் கம்பியிலிருந்து, கணினி ஓட்டும் சிஎன்சி எந்திரத்தில் கடைந்து எடுப்பது ஒரு வழி. உலோகப் பொடியைப் பிசினோடு கலந்து அச்சில் செலுத்தி, பிறகு உலையில் சுட்டு இறுக வைப்பது இன்னொரு வழி. இதில் விலை கொஞ்சம் குறையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் முலாம் கிடையாது, எனவே உரிவதற்கும் ஒன்றுமில்லை. சமையலறையில் புழங்கும் நல்ல எவர்சில்வர் 304 வகை. நல்ல ரேசர்களில் 316எல் என்று போட்டிருப்பார்கள். அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்புத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டித் தண்ணீர் இவற்றால் புள்ளி புள்ளியாக அரிக்காமல் காப்பது அதுதான். கடலோர ஊரில், போர் தண்ணீரில் புழங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும். 303 என்று போட்டிருந்தால், கடைசலுக்கு வசதியாகக் கந்தகம் சேர்த்த வகை. துரு எதிர்ப்பு அதில் குறைவு. துடைத்து வைத்தால் அதுவும் நன்றாகவே உழைக்கும்.

இனி அளவுகள். ரேசர் விற்பவர்கள் ‘கேப்’ என்று ஒரு எண் கொடுப்பார்கள். பிளேடு முனைக்கும் கீழே இருக்கும் தடுப்புக்கும் இடையிலான இடைவெளி அது. மெர்க்கூர் 34சி-யில் சுமார் 0.7 மில்லிமீட்டர். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து ரேசர் மைல்டா (தோலுக்கு மென்மையானதா) அக்ரெசிவ்வா (முரடானதா) என்று முடிவுகட்டுகிறார்கள். அது பாதி உண்மைதான். மேல்மூடியின் ஓரத்தையும் கீழ்த் தடுப்பையும் தொடுகிற மாதிரி ஒரு கோடு கிழித்தால், தோல் ஏறக்குறைய அந்தக் கோட்டில் படியும். முனை அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் தோலுக்கு நேரடியாகத் தெரிகிற அளவு. கனடாவின் ஹென்சன் ஏஎல்13-இன் மைல்டு தலையில் இந்த நீட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு, அவ்வளவுதான். அந்த ரேசர் கன்னத்தில் போகும்போது பிளேடு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஆனால் முடி போயிருக்கும். விமானத்துறைக்கு உதிரிப்பாகம் செய்த பட்டறைக்காரர்கள் செய்தது அது. முனைக்கு மிக நெருக்கமாகப் பிளேடை இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் இவ்வளவு சிறிய நீட்டத்திலும் வேலை நடக்கிறது. நூறில் மூன்று பங்கு என்ற அளவை ஆட்டமுள்ள வார்ப்புத் தலையில் கொண்டுவரவே முடியாது. துல்லியம் முகத்தில் தெரிகிறதா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2 இன்னொரு வகை. உலகத்திலேயே கூர்மையான பிளேடு செய்பவர்கள் என்று பெயர் வாங்கிய கம்பெனி. அதனால் அவர்கள் ரேசரும் முரடாக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். ஏஎஸ்-டி2 மிகவும் மைல்டு. தங்கள் பிளேடு எவ்வளவு கூர் என்று தெரிந்தவர்கள், தோலைக் காப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தொண்ணூறு கிராம் அளவில் எடை. கையில் எடுத்தவுடன் தெரிவது மரை. கைப்பிடியைச் சுற்றும்போது எங்கேயும் தட்டாமல், உராயாமல், எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் நிற்கும். தினமும் சவரம் செய்கிறவருக்கு இது பொருத்தம்; முகத்தில் இருப்பது ஒரு நாள் வளர்ந்த முடிதானே. வாரம் ஒரு தடவை சவரம் செய்கிறவர் இதை வாங்கினால் நாலைந்து தடவை இழுக்க வேண்டிவரும். அவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ராக்வெல் 6எஸ் கனடாக்காரர்களுடையது. மூன்று அடித்தட்டு வரும். ஒவ்வொன்றையும் திருப்பிப் போடலாம். ஆக ஆறு அளவு. இடைவெளி 0.20 மில்லிமீட்டரில் தொடங்கி 0.79 வரை போகிறது. உங்களுக்கு எந்த அளவு ஒத்துவரும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, ஆனால் இதை வைத்து நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இதிலேயே 6சி என்று ஒன்று உண்டு. தட்டுகளின் அளவு அதேதான். உலோகம் மட்டும் முலாம் பூசிய துத்தநாகக் கலப்பு, விலை வெகுவாகக் குறைவு. உங்கள் நிலையில் இருப்பவருக்கு என் யோசனை: முதலில் 6சி வாங்குங்கள். ஒன்றாம் எண்ணில் தொடங்கி மெல்ல மேலே போங்கள். கழுத்து எந்த எண் வரை பொறுத்துக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு பெரிய தொகையைப் போடலாம். எண் ஒன்றிலும் இரண்டிலுமே திருப்தி என்றால் ஃபெதரோ ஹென்சனோ எடுங்கள். நான்குக்கு மேல் போனால்தான் சுகம் என்றால், கார்வே மாதிரி விதவிதமான அடித்தட்டுகளோடு பித்தளையில் கடைந்து தருகிறவர்களைப் பார்க்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெக்ஸ் அம்பாசடர், கைப்பிடியின் கழுத்தில் ஒரு வளையத்தைத் திருகி இடைவெளியை மாற்றுகிற அமெரிக்க ரேசர். பழைய ஜில்லெட் அட்ஜஸ்டபிளின் வாரிசு, வேலைப்பாடு அருமை, எடை அதிகம். டட்டாரா போர்த்துகலில் செய்கிறார்கள். தலை சிறியது, மூக்கின் கீழே சுலபமாக நுழையும். வுல்ஃப்மேன் மாதிரி தனி ஆள் கைவேலைகள் காத்திருந்து வாங்குகிறவர்களுக்கு. அந்த விலையில் கூடுதலாகக் கிடைப்பது மெருகும் அழகும். சவரத்தில் வித்தியாசம் அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடுகிறது. என் மதிப்பீட்டில் முந்நூறு ரூபாயிலிருந்து நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்குப் போகும்போது முகத்துக்குக் கிடைக்கிற லாபம் பெரிது. அங்கிருந்து இருபதாயிரத்துக்குப் போகும்போது கிடைப்பது பெரும்பாலும் ஆயுளும் கையில் பிடிக்கிற சுகமும். இருபது, முப்பது வருடம் தினமும் காலையில் கையில் எடுக்கப்போகிற பொருளுக்கு அந்தச் சுகம் நியாயமான காரணம்தான். அதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பழைய ஜில்லெட்களையும் மறந்துவிடக் கூடாது. 1938-இல் வந்த டெக், 1947-இல் வந்த சூப்பர் ஸ்பீடு, 1958 முதல் மூன்று நான்கு வருடம் மட்டும் செய்யப்பட்ட ஒன்பது எண் அட்ஜஸ்டபிள். பெரும்பாலானவை பித்தளை மேல் நிக்கல் முலாம். தாத்தா காலத்து அலமாரியில் ஒன்று கிடந்து, மரையும், மேல்மூடி இரண்டாகத் திறக்கும் வகை என்றால் அந்தக் கதவுகளும் சரியாக இருந்தால், வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். இன்றைய நடுத்தர விலை ரேசர்களோடு தைரியமாகப் போட்டி போடும்.

ரேசர் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சோதிக்கும் முறைதான் முக்கியம். பெரும்பாலானவர்கள் புது ரேசரோடு புது பிளேடு, புது சோப்பு, புது பிரஷ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எது நன்மை செய்தது என்று தெரியாமல் நிற்பார்கள். பிளேடு அதே டோபாஸ், சோப்பு அதே சோப்பு. ரேசர் மட்டும் மாறட்டும். இரண்டு ரேசரிலும் ஒரே பாக்கெட்டிலிருந்து புது பிளேடு மாட்டி, வலது பாதி முகத்தைப் பழையதிலும் இடது பாதியைப் புதியதிலும் முடியுங்கள். அடுத்த நாள் பக்கத்தை மாற்றுங்கள். வலதுகைக்காரருக்கு இடது கழுத்து எப்போதுமே சிரமம்; மாற்றாவிட்டால் பழி ரேசர் மேல் விழும். முடித்தவுடன் கண்ணாடியில் பார்ப்பதோடு நிறுத்தாமல், மாலையிலும் கழுத்தைத் தடவிப் பாருங்கள். காலை வழவழப்பைவிட மாலையில் தோல் என்ன சொல்கிறது என்பதுதான் நம்பத்தக்கது. நம் சலூன்களில் கடைசியில் தேய்ப்பார்களே படிகாரக் கல், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஈர முகத்தில் மெல்லத் தேய்த்தால், பிளேடு அதிகமாகச் சுரண்டிய இடம் மட்டும் சுரீர் என்று எரியும். எந்த ரேசர், எந்த இடம் என்று அது துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

புது ரேசரில் முதல் இரண்டு வாரம் பழைய பழக்கம் குறுக்கே வரும். மலிவு ரேசர் பெரும்பாலும் எடை குறைவு, அழுத்திப் பழகியிருப்பீர்கள். நூறு கிராம் எஃகை அதே அழுத்தத்தில் இழுத்தால் கழுத்து சிவந்துவிடும். கைப்பிடியின் அடிப்பகுதியை விரல் நுனிகளால் பிடித்து, எடையே கீழே இறங்கட்டும் என்று விடுங்கள். முதலில் மேல்மூடியைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வாருங்கள். முனை முடியைத் தொடுகிற இடத்தில் ‘சர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தக் கோணத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறக்குறைய முப்பது டிகிரி. நல்ல ரேசரில் இந்தச் சத்தம் தெளிவாகவும் சீராகவும் வரும். கோணம் தப்பினால் உடனே நின்றுவிடும். கண்ணாடியைவிட இந்தச் சத்தத்தை நம்பிச் சவரம் செய்யலாம்.

பிளேடைப் பற்றி ஒன்று. ரேசருக்கு இருபதாயிரம் கொடுத்தவர் பிளேடைப் பத்து நாள் ஓட்டக் கூடாது. 2020-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முடி அறுபடுவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழே பார்த்து சயின்ஸ் இதழில் எழுதினார்கள். எஃகைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையான முடி, எஃகு முனையைச் சிம்பு சிம்பாகப் பெயர்த்து எடுக்கிறது. முடி நேராக நிற்கும்போது அது நடப்பதில்லை. வளைந்து, முனையைப் பக்கவாட்டில் தள்ளும்போதுதான் நடக்கிறது. எவ்வளவு உயர்ந்த ரேசரானாலும் இதைத் தடுக்க முடியாது. நான்கைந்து சவரத்துக்கு ஒரு பிளேடு என்று வைத்தாலும் வருடத்துக்கு எண்பது, தொண்ணூறு பிளேடுதான். ஒன்று ஐந்து ரூபாய் என்றால் நானூற்றைம்பதுக்குள் ஒரு வருடம் முடிந்துவிடும். டோபாஸ் பழகியவர்கள் ஆஸ்ட்ரா, ஜில்லெட் செவன் ஓ கிளாக், ஃபெதர் என்று சிறு பாக்கெட்களாக வாங்கிப் பார்க்கலாம். ஆனால் ரேசர் சோதனை முடிந்த பிறகு.

இனி கழுத்து. உங்கள் கேள்வியின் மையம் அதுதான் என்பதால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் சொல்கிற பருக்களில் பெரும்பகுதி ரேசரால் மட்டும் வருவதல்ல. சுருட்டை முடியை முடி வளர்கிற திசைக்கு எதிராக, தோலை இழுத்துப் பிடித்து ஒட்ட அறுத்தால், தோலை விட்டவுடன் வெட்டிய நுனி உள்ளே போய்விடும். வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலைக் குத்தும். ரேசர் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு ஒட்ட அறுக்கும் என்பதால், அதே முறையில் செய்தால் விலை உயர்ந்த ரேசரில் இது கூடக்கூடும்.

இரண்டு நாள் சவரம் செய்யாமல் விட்டு, கழுத்தை நான்கு திசையிலும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று தடுக்கிற திசை எதிர்த்திசை. குரல்வளைக்குக் கீழே பலருக்கு முடி மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும். மேலிருந்து கீழே இழுப்பது அங்கே எதிர்ச் சவரமாகிவிடும். அந்த வரைபடம் மனதில் பதிந்த பிறகு, ஒரு மாதம் கழுத்தில் எதிர்ச் சவரத்தை அடியோடு நிறுத்துங்கள். முடி போகிற திசையில் ஒரு தடவை, மறுபடி நுரை போட்டுப் பக்கவாட்டில் ஒரு தடவை. அவ்வளவு போதும். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும். ஒரு மாதத்துக்குப் பிறகும் பருக்கள் அப்படியே இருந்தால், சீழ் வைத்தால், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

நுரைக்குத் தண்ணீர் முக்கியம். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினம். அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரியும், நுரை நிற்காது, பிளேடு வறட்டுத் தோலில் ஓடும். ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்து, அதில் பிரஷ்ஷை நனைத்து நுரை போட்டுப் பாருங்கள். வித்தியாசம் முதல் நாளே தெரியும். குளித்துவிட்டோ, இரண்டு மூன்று நிமிடம் ஈரமாக ஊறவைத்தோ தொடங்கினால் முடியும் தண்ணீர் குடித்து மென்மையாகும். அறுக்கத் தேவையான விசை குறையும். ரேசரில் படியும் வெள்ளைக் கறையை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் வினிகர் தடவிக் கழுவிவிடலாம். ஜமாக்கில், முலாம் கீறியிருந்தால், வினிகர் வேண்டாம்.

வாங்கும்போது வெளிநாட்டு விலையை மட்டும் பார்த்து இறங்காதீர்கள். சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்த்து கடைசித் தொகை என்ன என்று கணக்குப் போட்ட பிறகு முடிவு செய்யுங்கள். பார்சல் வந்தவுடன், திருப்பி அனுப்புகிற கெடு முடிவதற்குள், பிளேடு இல்லாமல் மூன்று பாகங்களையும் கழற்றிப் பாருங்கள். விரல் நகத்தை அடித்தட்டின் ஓரத்தில் மெல்ல இழுத்தால் பிசிறு தட்டக் கூடாது. மரையைக் கையால் மெதுவாக ஓட்டினால் முழு நீளமும் தடையில்லாமல் போக வேண்டும். பிறகு பிளேடு மாட்டி, மேலே சொன்ன மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கக் கீற்றும் சமமா என்று பாருங்கள். பிளேடைக் கழற்றி, வேறொரு பிளேடு மாட்டி இன்னொரு தடவையும் பாருங்கள். இந்த விலையில் ஒவ்வொரு தடவையும் சமமாக வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் கோணலை நீங்கள் பழகிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. படம் எடுத்து அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள்.